அவர் வாசிக்காத சீட்டு

"பதினோரு வாரமா அந்தம்மா எழுதிப் போடறாங்க. பதினோரு வாரமா இவர் வாசிக்காம பையில வெச்சுக்கறார்."

"விடு, நமக்கெதுக்கு வம்பு?"

ஈரக் குடைகளை வைக்கும் மூலையில் யாரோ பேசிக்கொண்டது நர்ஸின் காதில் விழுந்தது. அந்தச் சபைக்கு அவள் வர ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஆனாலும் யாரைச் சொல்கிறார்கள் என்று புரிந்தது.

அவள் பக்கத்தில் உட்காரும் சலவைக்கடை அம்மாவைத்தான். அவருக்குக் கை நடுங்கும். போன புதன்கிழமை ஜெபச் சீட்டை எழுதிக் கொடுத்ததே இவள்தான். இன்றும் அதையே எழுதச் சொன்னார்.

'சிறையில் இருக்கும் என் மகன் சாப்பிட வேண்டும். தூங்க வேண்டும். சாகிற எண்ணம் அவனை விட்டுப் போக வேண்டும்.'

"சனிக்கிழமை பார்க்கப் போனா ஒரே கேள்விதாம்மா. 'சபையில எனக்காக ஜெபம் பண்ணாங்களா?' இங்கேயே வளர்ந்த பையன். பிடிச்சுக்க அவனுக்கு வேற என்ன இருக்கு? இதுல போய் பொய் சொல்ல எனக்கு வாய் வரல. இல்லப்பான்னு சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கறான். போன வாரம் தண்ணிகூடக் குடிக்கல."

நர்ஸ் நேராக எலக்ட்ரீஷியனிடம் போனாள். பெட்டியில் விழும் சீட்டுகளை மைக்கில் வாசிப்பவர் அவர்தான். குனிந்து ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அண்ணா, மத்தவங்க முட்டி வலிக்கெல்லாம் மைக்ல முழங்கறீங்க. இந்தம்மா பிள்ளை செத்துடுவானோன்னு துடிக்கறாங்க. ஜெயில்ல இருந்தா ஜெபம் கிடையாதா?"

அவர் நிமிரவில்லை. "போய் உக்காருங்க சிஸ்டர்."

"பாவிகளைத் தேடித்தானே இயேசு வந்தார்? போன வாரம் நீங்கதானே வாசிச்சீங்க!"

"வாசிச்சேன்," என்றார். "வாசிக்கறது சுலபம்."

சலவைக்கடை அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "அவரை ஒண்ணும் சொல்லாதம்மா. உனக்குத் தெரியாது."

"நீங்க இப்படி வாயில்லாப் பூச்சியா இருக்கறதாலதான்..."

மணி அடித்துவிட்டது.

சீட்டில் பெயர் எழுதும் வழக்கம் அங்கே இல்லை. யாருக்காக என்பதை வாசிப்பவரே ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லார் வீட்டு ஃபியூஸும் தெரிந்தவர் என்பதால் எலக்ட்ரீஷியனுக்கு அது எளிது.

"ஆபரேஷன் நல்லபடியா முடியணும். இது நம்ம பேக்கரிக்காரர் சம்சாரம்."

"வேலை கிடைக்கணும். இது பஸ் டிரைவரோட மூத்த பொண்ணு. மூணு இன்டர்வியூ போயாச்சு, பாவம்."

எட்டுச் சீட்டு முடிந்தது. ஒன்பதாவதைப் பிரித்தார். பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நர்ஸ் எழுந்து நின்றாள்.

"அண்ணா... இன்னும் ஒண்ணு இருக்கு."

தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. சலவைக்கடை அம்மா முகத்தை மூடிக்கொண்டார். போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். முன்வரிசையில் எலக்ட்ரீஷியனின் மனைவி மட்டும் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

கூரைமேல் மழை பெய்யும் சத்தம் கேட்டது.

அவர் சீட்டை வெளியே எடுத்தார்.

"சிறையில இருக்கற என் மகன் சாப்பிடணும்... தூங்கணும். சாகற எண்ணம் அவனை விட்டுப் போகணும்."

நிறுத்தினார். யாருக்காக என்று இனி சொல்லியாக வேண்டும்.

"இது... குடிச்சிட்டு வண்டி ஓட்டி எங்க பொண்ணைக் கொன்ன பையன்," என்று சொல்லி மைக்கைக் கீழே வைத்தவர், எல்லாருக்கும் முன்னால் முழங்காலிட்டார்.