கேப்டன் வரவில்லை

விழுப்புரத்தில் பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டி முடிந்தது. ஜெயித்த திண்டிவனம் அணிக்குக் கோப்பை கொடுக்க எழுந்த சங்கத் தலைவர் குமரேசன், மைக்கில் முழங்கினார்.

"பொண்ணுங்கள ஊட்ல பூட்டி வைக்காதீங்க. ஆட வுடுங்க!"

திண்டிவனம் அணிக்காகக் கோப்பை வாங்க ரோஸ்லின் மேடையேறி நின்றாள். அவர் கோப்பையை நீட்டியபோது அவள் கை நீட்டவில்லை.

"வாங்கிக்கம்மா, நீதான கேப்டன்?"

"போன மாசம் வரைக்கும் இளவரசி அக்காதாங்க கேப்டன். லீக் ஆட்டம் பூரா ஜெயிச்சுக் குடுத்தது அவங்கதான். கல்யாணமானதுலேர்ந்து மாமனார் வெளிய அனுப்ப மாட்டேன்றாரு."

குமரேசன் மைக்கை அணைத்தார். சிரித்த முகம் மாறாமலே பல்லைக் கடித்தார்.

"அவ இப்ப என் மருமவ. ட்ரவுசர் மாட்டிக்கினு ஓடினா, ஊர்ல நான் தலகாட்ட முடியுமா?"

கோப்பையை அவர் கையிலேயே விட்டுவிட்டு ரோஸ்லின் மேடையிலிருந்து இறங்கினாள்.