பயண ஜெபம்

பெட்டியைச் சுற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினார் தேவசகாயம். லாரியில் தார்ப்பாய் கட்டிப் பழகிய கை. முடிச்சு கல் மாதிரி நின்றது.

பக்கத்து வீட்டு உண்ணாமலை வாசலில் நின்று கேட்டாள். "ஏனுங்கண்ணா, ரிட்டையர் ஆனதுக்கப்புறம் ஆப்பிரிக்காவுல மிஷன் ஊழியமுங்களா? மூணு வருசம் தனியா இருந்துருவீங்களா?"

"பழகிக்க வேண்டியதுதானுங்க அம்மணி."

அவர் மனைவி சாராள் ஊறுகாய் பாட்டிலை நீட்டினாள். "இதுக்கும் எடம் பாருங்க."

ஊழியத்துக்குப் போகும் மற்றவர்களோடு சபையின் கார் வந்து நின்றது. தேவசகாயம் பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

சாராள் ஏறி உட்கார்ந்தாள். நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்ற கையோடு, மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

"லாரிய வித்துட்டு நான் ஊட்டோட வந்து ஒரு மாசங்கூட ஆவலியே, சாரா."

"வருவீங்க வருவீங்கன்னு இருந்து, நீங்க இல்லாமயே இருக்கப் பழகிட்டேனுங்க." அவள் குரலில் கோபமே இல்லை.

நாமக்கல்லிலிருந்து அவர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பும்போதெல்லாம், லாரியின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்மூடி ஜெபம் செய்வாள். ஸ்டியரிங்கில் இருந்தபடி, "சீக்கிரம் முடி புள்ள" என்று அவர் ஹாரன் அடிப்பார்.

தேவசகாயம் சுற்றிக்கொண்டு போய், காரின் பானெட்டில் கையை வைத்தார். கண்களை மூடினார்.

டிரைவர் ஹாரன் அடித்தார்.