கரியில் ஓடும் கார்

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதிலிருந்து, ராயபுரம் பருப்பு வியாபாரி தவசிமுத்துவின் கார் பின்னால் பொருத்திய கரி அடுப்பில்தான் ஓடுகிறது. செலவு குறைவு, ஒரு மூட்டைக் கரியில் எண்ணூர் போய்த் திரும்பலாம். ஆனால் கிளம்புவதற்கு அரைமணி நேரம் துருத்தி சுற்ற வேண்டும். காலை வெயிலில் அவர் சுற்றிக்கொண்டிருக்கையில் மீன்காரி குப்பம்மா ஓடி வருகிறாள். "நைனா, பொண்ணு இடுப்பு வலில துடிச்சிக்கினு கீது. ஆஸ்பத்திரில வுட்டுடு நைனா." சீட்டுக்கு அடியில் ஒரு டின் பெட்ரோல் இருக்கிறது, ஊற்றினால் உடனே கிளம்பும். மகனின் கல்யாண ஊர்வலத்துக்கென்று சேர்த்து வைத்தது. "பெட்ரோல் இல்லையே தாயி. கரி பத்தணும்" என்கிறார். "அதுக்கின்னா நைனா, நான் சுத்துறேன்." அவள் கைப்பிடியை வாங்கி வேகமாகச் சுற்றுகிறாள். பொறி பறந்து முழங்கையில் விழுகிறது, அவள் நிறுத்தவில்லை. சந்துக்குள்ளிருந்து பெண்ணின் அலறல் கேட்கிறது. டின்னை இப்போது எடுத்தால் பொய் வெளியாகிவிடும். இரண்டாவது அலறலில் தவசிமுத்து எடுத்துவிடுகிறார். மூடி திறந்ததும் பெட்ரோல் வாடை எழுகிறது. குப்பம்மா டின்னைப் பார்க்கிறாள், பிறகு அவரை. மகளைக் கூட்டிவந்து ஏற்றிவிட்டு, தான் காரில் ஏறுமுன் கரி அப்பிய கைகளை முந்தானையில் அழுந்தத் துடைக்கிறாள். "வண்டி கலீஜாயிடும் நைனா" என்கிறாள்.