பட்டன் வைத்த குத்துவிளக்கு

சிறப்பு விருந்தினர் பட்டனை அழுத்தினார்.

குத்துவிளக்கு எரியவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார். பட்டன் அழுத்தத் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே என்று, கட்டைவிரலால்.

புது அரங்கில் நெருப்புக்குத் தடை. அதனால் ஐந்து முகத்திலும் எல்.இ.டி. செய்தவள் அவள்தான், தற்காலிக விரிவுரையாளர். எரிந்தால் அடுத்த வருடமும் வேலை உண்டு என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். எரியாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை.

மேடையில் இரண்டு இரும்புப் பெட்டிகள். பட்டனோடு இருந்த, ஒருமுறை அழுத்தினால் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஐந்து வோல்ட் பெட்டி கம்ப்யூட்டர் துறையுடையது. விளக்குக்கான பன்னிரண்டு வோல்ட் பேட்டரிப் பெட்டி எலெக்ட்ரிகல் துறையுடையது. ஆளுக்கொரு பெட்டிமேல் கை வைத்தபடி துறைத்தலைவர்கள் நின்றார்கள். இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது.

குறுக்கே ஒரே ஒரு சிக்னல் ஒயருக்குத்தான் கமிட்டி கூடி அனுமதி கொடுத்திருந்தது.

மைனஸையும் மைனஸையும் சேர்க்காவிட்டால் அந்தப் பெட்டி சொல்லும் ஐந்து வோல்ட் இந்தப் பெட்டிக்குப் புரியாது என்று அவள் முன்பே சொல்லிப் பார்த்திருந்தாள்.

“எங்க மைனஸை எதுக்கும்மா அவங்ககிட்ட குடுக்கணும்?” என்றார் கம்ப்யூட்டர் துறையின் முனைவர் சொக்கலிங்கம்.

எலெக்ட்ரிகல் துறையின் முனைவர் ஜெயசிங்கும் அதையேதான் சொன்னார், தன் அறையில்.

ஆக, வோல்ட்டை அளக்க ஒவ்வொரு பெட்டிக்கும் அதனதன் பூஜ்யம்.

முதல்வர் அவளைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ தீப்பெட்டி கேட்டார்கள்.

போட்டோகிராபருக்கு அடுத்து ஒரு வளைகாப்பு இருந்தது. “விளக்கு கிடக்கட்டும் சார். ஹெச்.ஓ.டி. ரெண்டு பேரும் சும்மா கை குடுத்து நில்லுங்க.”

விருந்தினர் முன்னால் மறுக்க முடியாது. பெட்டியை விடவும் மனமில்லை. மிச்சமிருந்த கையை நீட்டினார்கள்.

ஐந்து முகமும் எரிந்தன.

கைதட்டல். கைகள் விலகின. விளக்கு அணைந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டிகளின் இரும்பு உடம்பு இரண்டும் உள்ளே மைனஸோடு சேர்ந்தவை; இவர்கள் கை கொடுத்ததில் இரண்டு மைனஸும் ஒன்றாகிவிட்டன. விளக்குப் பெட்டிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் சுவிட்சுக்கு ஒரு துளி கரண்ட் போதும்; வியர்த்த உள்ளங்கை தாராளம்.

“கையை எடுக்காதீங்க சார்” என்றாள், இருவரிடமும்.

முதல்வர் அதையே மைக்கில் சொன்னார்.

மறுபடி எரிந்தது. விருந்தினர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரையின் முதல் தாளைப் பிரித்தார். கட்டு தடிமனாக இருந்தது.

“கொஞ்சம் லேசா பிடிங்க. மோதிரம் குத்துது” என்றார் சொக்கலிங்கம்.

“லேசா பிடிச்சா அணைஞ்சிடும்” என்றார் ஜெயசிங்.

முதல்வர் திரைப்பக்கம் வந்து, “ஜூன்ல வந்து ஆர்டரை வாங்கிக்கம்மா” என்று கிசுகிசுத்தார்.

சரி சார் என்றாள்.

அவள் கையில் மைனஸையும் மைனஸையும் சேர்க்க ஒரு சாண் ஒயர், இரு முனையும் சீவித் தயாராக இருந்தது.

அதைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை மூடினாள்.