முப்பது விநாடிக் கையெழுத்து

நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு ரூபாய். அடகு வைத்த மனைவியின் தோட்டை மீட்க, மூட்டை தூக்கும் குழந்தைவேலு அந்தப் பாக்கியை வங்கிக் கவுண்டரில் எண்ணி வைத்துவிட்டார். கையெழுத்துப் போட்டால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் கையெழுத்து வாங்கும் கண்ணாடிப் பலகையில் அதற்கான பேனாவால் ‘குழந்’ வரை எழுதுவதற்குள் திரை சிவந்து அணைந்தது. மூன்று முறையும் அப்படித்தான்.

“முப்பது விநாடி தாண்டினா மோசடின்னு கம்ப்யூட்டர் பூட்டிக்கும்ணே. இன்னைக்கு விட்டா தோடு ஏலத்துக்குப் போயிடும், பேசாம கைநாட்டு வைங்க,” என்றாள் கிளார்க் ஹெலன்.

“அம்பது வயசுல எழுதப் படிச்சதே இதுக்குத்தான் தாயி.”

 ஹெலன் செட்டிங்ஸைத் திறந்து, முப்பது விநாடியைப் பத்து நிமிடமாக்கினாள்.

மூட்டை இறக்குவதுபோல ஒவ்வோர் எழுத்தாக இறக்கிவைத்தார். பின்னால் நின்றவர்கள் நீட்டிய கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, எங்களுக்கும் அந்தப் பேனாதான் என்றார்கள். அன்று வரிசை நகரவே இல்லை. திரையில் பச்சையாக வந்ததை அவரே எழுத்துக்கூட்டி வாசித்தார்: கடன் தீர்ந்தது.