மாடி வகுப்பு

ஊட்டி மிஷன் பெண்கள் பள்ளிக்கு அந்த வருஷம்தான் மாடி எழும்பி, ஆறாம் வகுப்பும் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை ரஹ்மத்துல்லா ராவுத்தர் வந்து நின்றதும், தலைமையாசிரியை யூனிஸ் பதறி எழுந்தாள். பெண்கள் வெளியே தலைகாட்டாத வீடு அவருடையது.

"ஏனுங்க டீச்சரம்மா, உங்க மாடி ஜன்னலுக்கு நேரா எங்க ஊட்டுச் சமையக்கட்டு இருக்குதுங்களே?"

"மன்னிச்சுக்குங்க. இன்னிக்கே பலகை அடிச்சு மூடிடறோம்."

சொல்லிவிட்டாளே தவிர, ஜன்னலை மூடினால் இந்த மேகமூட்டத்தில் கரும்பலகை தெரியாது. வகுப்பையே நிறுத்த வேண்டியதுதான்.

"மூடிப்போடாதீங்க. எங்க மருமக ரசியா அடுப்பை மறந்துட்டு அங்கதான் நிக்குது. உங்க பாடம் முச்சூடும் கேட்டு எங்கிட்ட ஒப்பிக்குதுங்க."

ராவுத்தர் வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வா தாயி" என்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சிலேட்டோடு ஒரு சின்னப் பெண் வந்தாள்.

"அவ ஊட்டுல அஞ்சாவதோட நிறுத்திக் கட்டிக் குடுத்துட்டாங்க. ஆறாவதுல சேத்துக்குங்க. சோத்தை அவ மாமியா ஆக்கிக்கட்டும்."

யூனிஸ் ரசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.