ஐம்பது வருட விஸ்கி

அம்மா, இப்போதெல்லாம் போனில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அதனால்தான் வாயால் சொல்லி டைப் செய்கிறேன்.

நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனியில் என்னைத் துணி செக்கிங்கிலிருந்து எடுத்து, முதலாளி ரூமைத் துடைக்க விட்டார்கள். அங்கே கண்ணாடி அலமாரியில் ஒரு ஸ்காட்ச் விஸ்கி பாட்டில் இருக்கிறது. அதை யாரும் குடிப்பதில்லை. பழசானால் லட்சக்கணக்கில் விலை போகுமாம். ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். அப்போது லேபிளில் ஐம்பது வருடம் என்று இருந்தது. அப்புறம் துடைக்கத் துடைக்க அறுபது, எழுபது, எண்பது என்று ஏறியது.

விலை பேச வந்தவர், "பாட்டில்ல அடைச்சதுக்கப்பறம் வயசு கூடாதுங்களே," என்றார்.

"நம்மகிட்ட கூடுதுங்க. இந்த அம்மிணியோட கைராசி," என்று முதலாளி சிரித்தார்.

அன்று சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் என்னை நிறுத்தி, "யாரைப் பாக்கோணும் ஆத்தா?" என்று கேட்டார். இருபது வயதில் எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது அம்மா. பல் ஆடுகிறது. முதலாளியிடம் போய் அழுதேன்.

"அளுவாத அம்மிணி. உனக்குக் கை நடுங்குது, பாட்டலை ஒடச்சுப் போடுவே. ஊர்ல தங்கச்சி இருக்கறாளாமே? அம்மாகிட்ட நானே பேசிட்டேன்."

உடனே உனக்குப் போன் செய்து, "அம்மா" என்றேன்.

நீ சொன்னாய்: "யாரு பெரியம்மா பேசுறது? எம்மக சித்ராட்ட போனைக் குடுங்க. தங்கச்சி பஸ் ஏறிட்டான்னு சொல்லணும்."